நல்லம்மாள் திருத்திய மணிச்சரம்

மலேசியாவில் உலு யாம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் மாரியம்மனுக்குப் பூச்சரம் கட்டுவது நல்லம்மாள்தான். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து வாழைநாரோடு உட்கார்ந்தால், முடியும்வரை எழுந்திருக்க மாட்டாள். இரண்டு அரளிக்கு ஒரு துளசி என்று தொடங்கினால் கடைசிவரை அதே வரிசைதான். நடுவில் ஒரு பூ மாறினாலும் அவிழ்த்துவிடுவாள். "ஆத்தாளுக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சிட்டீங்களா?" என்று உதவிக்கு வந்தவர்களை விரட்டியும் இருக்கிறாள்.

அம்மா போன பிறகு தங்கை சந்திரிகாவை வளர்த்தவள் அவள். சின்ன வயதில் சந்திரிகாவுக்கு மலேரியா வந்து, எத்தனை கம்பளி போட்டும் நடுக்கம் நிற்காதபோது, நல்லம்மாளே அவள்மேல் படுத்துக் கட்டிக்கொண்டாள். அந்தச் சந்திரிகா 1985இல் கோலாலம்பூரில் மலேரியாக் கிருமியைப் பற்றியே மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீளமான மணிச்சரம் ஒன்றோடு வந்து, அதை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தவள் அலறிவிட்டாள்.

"அக்கா! இதத் தொட்டியா?"

"வெள்ள, செவப்பு, வெள்ள, நீலம்னு அழகாக் கோத்துக்கிட்டு வந்து, அங்கங்க பச்சையும் மஞ்சளும் சொருகி வச்சிருக்க. அவசரத்துல கோத்த போலன்னு, உன் டப்பால மீதி இருந்த செவப்பு, வெள்ள மணியப் போட்டு மாத்திட்டேன்."

சந்திரிகா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அது தப்பு இல்லக்கா. கிருமியே அப்படித்தான்."

கொசு கடிக்கும்போது உடம்புக்குள் போகிற கிருமி, தன்மேல் ஒரு புரதத்தைப் போர்த்தியிருக்கிறது. அதன் நடுப்பகுதியில் நான்கு அமினோ அமிலங்கள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வரும்; சரத்தில் ஒரு மணி ஓர் அமிலம். சில இடங்களில் மட்டும் நடு இரண்டும் வேறாக இருக்கும்; அவைதான் பச்சையும் மஞ்சளும். தடுப்பூசி செய்ய நினைப்பவர்கள் அந்தப் பகுதியைத்தான் குறிவைத்திருந்தார்கள்.

"நாளைக்கு வாத்தியாருங்க முன்னாடி காட்டணும். இப்படியே காட்டினா, பாடமே புரியலன்னு சொல்லிருவாங்க. அந்த மணிங்க எங்க?"

"கூட்டி வாசல்ல தள்ளிட்டேனே!"

இருவரும் ஓடினார்கள். வாசலில் கோழிகள்தான் நின்றன. சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த நல்லம்மாளின் கணவன் அர்ஜுனன், "ஏதோ பச்சையா மின்னுச்சு, கொத்திடுச்சுங்க லா. இனிமே நம்ம கோழிக்கு மலேரியாவே வராது" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சந்திரிகாவின் கண் கலங்குவதைப் பார்த்த நல்லம்மாள், தன் கழுத்திலிருந்த பாசிமாலையைக் கழற்றினாள். கறுப்பு மணியும் பொன்னிற மணியும் கலந்தது; திருவிழாவில் அர்ஜுனன் வாங்கித் தந்தது. கத்தரியால் நறுக்கென்று வெட்டினாள்.

"அக்கா, வேணாம்!"

"பச்சைக்குக் கறுப்பு, மஞ்சளுக்கு இது. ஆகுமா ஆகாதா?"

"...ஆகும்."

சந்திரிகா பாடத்தாளைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நல்லம்மாள் கோத்தாள். வரிசை மாறும் இடம் வந்தபோதெல்லாம் அவள் கை தானாகச் சிவப்பு மணிக்கே போனது.

"கறுப்புக்கா."

"தெரியுதுடி. கைதான் கேக்க மாட்டேங்குது." முகத்தைச் சுளித்துக்கொண்டே கறுப்பை எடுத்தாள்.

சரம் முடியவும் பஸ் வரவும் சரியாக இருந்தது. அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு சந்திரிகா ஓட, நல்லம்மாள் வாசலிலிருந்து கத்தினாள்:

"யாரு கேட்டாலும் அக்கா கோத்ததுன்னு சொல்லிராத! எனக்கு வரிசை தெரியாதுன்னு நெனச்சிக்குவாங்க!"