ராணி ஒளித்த கடிதமும் என் நாடகப் பேப்பரும்

1987-ஆம் வருஷம் ஒரே பேப்பரில் இரண்டாவது தடவையாகத் தோற்றுப்போனேன். பி.ஏ. ஆங்கிலம், தபால் வழிப் படிப்பு. மற்ற எல்லாப் பேப்பரும் பாஸ். பழைய ஆங்கில நாடகம் என்ற ஒரு பேப்பர் மட்டும் என்னைக் கண்டாலே ஆகாது என்று நின்றது. ராஜபாளையத்தில் என் வீட்டுக்குத் தபால்காரர் கொண்டுவந்த மார்க் ஷீட்டைப் பிரித்துவிட்டு, அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்து அழுதேன்.

சகோதர சகோதரிகளே, பரீட்சைக்குப் போய் இவ்வளவு அழுகையா என்று சிரிக்காதீர்கள். நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் தற்காலிக டீச்சர். காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே போவேன், சாயங்காலம் நின்றுகொண்டே வருவேன். ஆனாலும் அந்த வேலை என்றால் எனக்கு உயிர். தாளாளர் ஐயா நல்ல மனுஷர்தான், ஆனால் கறார். "அடுத்த ஜூன்ல ஸ்கூல் திறக்கும்போது டிகிரி முடிச்சிருக்கணும்மா. இல்லன்னா வேற ஆளப் பாக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார். டிசம்பரில் ஒரே ஒரு வாய்ப்பு பாக்கி இருந்தது.

ஏன் தோற்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. நான் படிக்காமல் போகவில்லை. நோட்ஸ் முழுவதும் தலைகீழாகத் தெரியும். என்னோடு வேலை பார்த்த சரஸ்வதி டீச்சர் எம்.ஏ. படித்தவர். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் எழுதிப் பார்த்த விடைத்தாளை அவரிடம் நீட்டினேன். இரண்டு பக்கம் படிப்பதற்குள் அவருக்குப் புரையேறிவிட்டது.

"ஏம்மா கிரேஸ், இது விடையா, ஞாயித்துக்கிழமை பிரசங்கமா?"

விஷயம் இதுதான். பத்து வருஷமாக எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி நடத்திக்கொண்டிருந்தேன். எந்தக் கதையானாலும் எனக்கு ஒரே வழிதான். நல்லவன் யார், பாவி யார், இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளும் பாடம் என்ன, மனப்பாட வசனம் என்ன. நாடகப் பேப்பரையும் அப்படியேதான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு விடையின் முடிவிலும் ஒரு வசனம் வேறு. விடைத்தாள் திருத்துகிறவர் யாரோ, எத்தனை பாவிகளுக்கு நான் தீர்ப்புச் சொன்னதைப் படித்துக் களைத்தாரோ, பாவம்!

என்னை அதிகமாகப் படுத்தியது ஒரு ராணி. கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராணியின் மகளுக்குக் கல்யாணம். அன்று காலையில் ராஜாவின் தம்பியிடமிருந்து கடிதம் வருகிறது. எதிரிகள் சூழ்ந்துவிட்டார்கள், உடனே படையோடு வாருங்கள் என்று. ராணி அதை ராஜாவிடம் கொடுக்காமல் ஒளித்துவிடுகிறாள். கல்யாணம் நல்லபடியாக முடிகிறது. தம்பி செத்துப்போகிறான். ராணியின் குணத்தை ஆராய்க என்பது கேள்வி. அவள் பொய்க்காரி, கொலைக்குக் காரணமானவள், அழிந்துபோனாள் என்று மூன்றே வரியில் அவளைக் கட்டி அனுப்பிவிட்டு, மீதிப் பக்கத்தை வசனத்தால் நிரப்பியிருந்தேன்.

"அவ ஏன் அப்பிடிச் செஞ்சான்னு எழுதணும்" என்றார் சரஸ்வதி டீச்சர்.

"ஏன்னா? கெட்டவ, செஞ்சா" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு டிபன் பாக்ஸை மூடினார்.

அதற்குப் பிறகு ஜெபம்தான். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன், பாத்திரம் தேய்த்துக்கொண்டு ஜெபித்தேன். என்ன ஜெபம் தெரியுமா? "ஆண்டவரே, திருத்துகிறவர் மனசை இளக்கும். அந்த ராணியைப் பற்றிக் கேள்வியே வராமல் பார்த்துக்கொள்ளும்." தேவனுக்கே கேள்வித்தாள் தயாரித்துக் கொடுத்தேன். வானம் வாயே திறக்கவில்லை. நவம்பர் வந்தது. வேலை போகப்போகிறது என்று மனசு சோர்ந்துவிட்டது. பைபிளைத் திறக்கவே பிடிக்காத நாட்களும் இருந்தன.

எங்கள் சபையில் மாதம் ஒரு சனிக்கிழமை பெண்களுக்கு உபவாச ஜெபம் உண்டு. ஒவ்வொருவரும் எழுந்து தன் ஜெபக் குறிப்பைச் சொல்லவேண்டும். ஒருவருக்கு முட்டிவலி, ஒருவருக்கு மகனின் வேலை. என் முறை வந்ததும் நாடகப் பேப்பர் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன். தளவாய்புரத்திலிருந்து வரும் பாக்கியம் அக்கா தையல் தைப்பவர், எதையும் விளக்கமாகக் கேட்டுத்தான் ஜெபிப்பார்.

"அது என்னட்டி நாடகம்? என்ன கதைன்னு தெரியாம ஆண்டவர்ட்ட என்னன்னு கேக்க?"

சரி என்று ராணி கதையைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் ஜெபம் ஆரம்பிக்கும் என்று கண்ணை மூடினேன். யாரும் ஜெபிக்கவில்லை. சண்டைதான் ஆரம்பித்தது!

"செஞ்சது தப்புதான். கூடப் பொறந்தவன் சாகக் கெடக்கான், கல்யாணமா பெருசு?" என்றார் பாக்கியம் அக்கா.

"நீங்க பேசுவிய. பொம்பளப்பிள்ளைக்கு ஒரு கல்யாணம் நின்னா எம்புட்டுப் பேச்சுன்னு தெரியுமா?" என்றார் இன்னொருவர்.

"ராஜா என்ன லேசுப்பட்டவனா? அவன்ட்ட சொன்னா காது குடுத்துக் கேட்டிருப்பானா?"

"அவ தனியா இருக்கும்போது அழுதாளா, இல்லயா? அதச் சொல்லு மொத."

நான் பையிலிருந்த நாடகப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்துச் சொன்னேன், மூன்றாம் அங்கத்தில் அழுகிறாள் என்று. அதுவரை அந்த இடம் என் கண்ணில் பட்டதே இல்லை. வேலைக்காரி அவளைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று கேட்டார்கள். மகளுக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டார்கள். பசியெல்லாம் மறந்து ஒரு மணி நேரம் அந்த ராணியைப் பிரித்து மேய்ந்தார்கள்.

எஸ்தர் அக்கா மட்டும் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்ப்பவர், அதிர்ந்து பேசமாட்டார். திடீரென்று, "நானும் ஒரு சீட்ட ஒளிச்சு வச்சவதான்" என்றார். எல்லாரும் அவர் பக்கம் திரும்பினோம்.

"மக கல்யாணத்தன்னைக்குக் காலைல கான்சாபுரத்துல இருந்து ஆள் வந்தான். மாமாவுக்கு, எங்க வீட்டுக்காரரோட அப்பாவுக்கு, ரொம்ப முடியல, ஒடனே வரணும்னு சீட்டு. அவியட்ட குடுத்தா அப்பமே ஓடிருவாவ. கல்யாணம் நின்னா மாப்பிள்ள வீட்டுல திரும்ப வருவாவளோ மாட்டாவளோ. அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடிட்டேன். தாலி கட்டுன பொறவு, இப்பதான் வந்துச்சுன்னு எடுத்துக் குடுத்தேன். அவிய போயிச் சேரும்போது மாமா கண்ண மூடிட்டாவ. பதினோரு வருசமாச்சு. அவியளுக்கு இன்னும் தெரியாது."

இரண்டு வருஷமாக அந்த ராணியை நான் திட்டாத வார்த்தை இல்லை. இதோ, அவளே சேலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்துபோய் எஸ்தர் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். பாக்கியம் அக்கா, தப்புதான் என்று கத்தியவர், முதல் ஆளாக முழங்கால்படியிட்டு அக்காவுக்காக ஜெபித்தார். என் பேப்பரை எல்லாரும் மறந்தே போனார்கள்.

டிசம்பர் பரீட்சையில் முதல் கேள்வியே ராணிதான். நான் எது வரக்கூடாது என்று மன்றாடினேனோ அதுவே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதினேன். அவள் எதை ஆசைப்பட்டாள், எதற்குப் பயந்தாள், ஊர் முன்னால் எப்படிப் பேசினாள், தனியாக இருந்தபோது எப்படிப் பேசினாள், மற்றவர்கள் அவளைப் பற்றிச் சொன்னதில் எது உண்மை. கருப்பொருள் பற்றிய கேள்விக்கு, மகளைக் காப்பாற்ற நினைத்தவள் வாய் திறக்கமுடியாத சிறையில் தானே போய் உட்கார்ந்துகொண்ட கதை இது என்று எழுதினேன். நோட்ஸில் அப்படி ஒரு வரியும் கிடையாது. முடிவில் வசனம் எழுதக் கை துறுதுறுத்தது. பேனாவை மூடிவிட்டேன்.

ஏப்ரலில் மார்க் ஷீட் வந்தது. பாஸ்! சும்மா பாஸ் இல்லை, எல்லாப் பேப்பரையும்விட அதில்தான் மார்க் அதிகம். ஜூன் மாதம் தாளாளர் ஐயா என் வேலையை நிரந்தரமாக்கி, ஆங்கில வகுப்பையும் என்னிடமே கொடுத்தார். சரஸ்வதி டீச்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "இனிமே பிள்ளைகளுக்குப் பிரசங்கம் பண்ணாதீங்க" என்றார்.

மார்க் ஷீட் வந்த அன்றே எஸ்தர் அக்கா வீட்டுக்கு ஓடினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என்னை உள்ளே இழுத்தார். "அவியட்ட சொல்லிட்டேன் கிரேசு" என்றார். "என்ன சொன்னாவ தெரியுமா? சீட்டு கொண்டாந்தவன், அதக் காலைலயே என் கைல குடுத்தத அன்னைக்குப் பந்திலயே சொல்லிட்டானாம். நீயா என்னைக்குச் சொல்லுவன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்னு சொல்லுதாவ."

அதைச் சொல்லி அக்கா சிரித்த சிரிப்பை நான் அதுவரை பார்த்ததே இல்லை. மார்க் ஷீட்டைக் காட்டவே மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிரியமானவர்களே, நான் கேட்டது ஒரு பாஸ் மார்க். தேவன் அதைக் கொடுத்தார், கூடவே என்னிடமிருந்த தீர்ப்பு எழுதும் பேனாவையும் வாங்கிக்கொண்டார். இப்போது யார்மீதாவது கோபம் வந்தால், அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்குக் காட்டும் என்றுதான் முதலில் ஜெபிக்கிறேன். உங்கள் காரியம் சின்னது என்று வெட்கப்பட்டு ஜெபக் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். தைரியமாக எழுந்து சொல்லுங்கள். நீங்கள் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு இன்னொருத்தி அங்கே உட்கார்ந்திருப்பாள்.