ஆடிக்கு ஒரு சால்

எங்கள் ஊர் பச்சமுத்துவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி ஜவுளிக்கடை ஜெகதீஷ் கேட்டார். நிலத்தையும் நீரையும் காத்த விவசாயிகளுக்கு அவருடைய சங்கம் தை மாதத்தில் செஞ்சியில் பாராட்டு விழா எடுத்தது. அதற்கு ஒரு மலர் போடுகிறார்களாம். எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இதைப் போட முடியாதுங்க" என்று திருப்பி நீட்டிவிட்டார். போட முடியாதாம்! சரி, இங்கே முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

நான் செந்தமிழன். திண்டிவனம் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எந்த ஊரில் தண்ணீர் எத்தனை அடிக்குப் போயிற்று என்று எனக்கு எந்த அதிகாரியும் சொல்ல வேண்டாம்; கடைக்கு வரும் கருகிப்போன மோட்டார்களே சொல்லிவிடும். தண்ணீர் கீழே போகப் போக என் பிழைப்பு மேலே வந்தது. மறைப்பானேன்.

பச்சமுத்துவும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டு. அவன் உழைப்பாளி. நிலக்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம்; அவனுடைய மல்லாட்டைக் கொல்லையில் ஒரு கோரைக் களையைப் பார்க்க முடியாது. அவனுக்கு இருந்த ஒரே வியாதி வரப்பு. ஆடி பிறந்து ஏர் கட்டினால் போன வருஷம் நின்ற இடத்தில் நிற்க மாட்டான். ஒரு உழவுசால் தள்ளித்தான் ஓட்டுவான்.

தள்ளிய பக்கம் இருந்தது ஏரிக்குப் போகும் கால்வாய். எங்கள் பக்கத்துப் பாறைக் குன்றுகளில் பெய்யும் மழை ஒரு சொட்டுகூட அங்கே தங்காது. அத்தனையும் வழிந்து அந்தக் கால்வாய் வழியாகத்தான் ஏரிக்கு வர வேண்டும். அவனுக்கு மகள் கவிதா பிறந்த வருஷம், அந்தக் கால்வாய்க் கரையில் ஒரு தென்னம்பிள்ளையை நட்டான். கரை ஊர்ப் பொது. ஆனால் பெண்குழந்தை பேரில் வைத்த பிள்ளையைப் பிடுங்கு என்று யார் சொல்வார்கள்? மரம் வளர்ந்தது. "மரம் என்னுது, அப்ப மரம் வரைக்கும் என்னுது" என்றான். பிறகு மரத்தையும் தாண்டி, ஆடிக்கு ஒரு சால்.

எதிர்க்கரைக்காரர்கள் மட்டும் உத்தமர்களா? அவர்களும் அந்தப் பக்கமிருந்து நெருக்கினார்கள். பதினெட்டு அடிக் கால்வாய் ஆறடியாகிப் போனது. மழைக்காலத்தில் தார் ரோட்டில் முழங்கால் தண்ணீர் ஓடும். ஏரியில் மாடு மேயும்.

ஏரியின் கடைமடையில் பீமாராவுக்கு ஒரு ஏக்கர். அதை விட்டால் அவருக்கு வேறு நிலமில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பச்சமுத்துவின் கொல்லைக்கே வந்து கேட்டார்.

"கால்வாய வுட்டுடு பச்சமுத்து. எங்க பக்கம் சொட்டுத் தண்ணி வர்ல."

"உனுக்குத்தான் வானம் இருக்குதே. அத்தப் பார்த்துப் பயிர் வை, போ" என்றான் இவன்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது. பீமாராவ் திரும்பி நடந்தார். அந்தத் தையிலேயே சென்னைக்குப் போய் ஓர் அடுக்குமாடி வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்துவிட்டார். திருவிழாவுக்கு வந்தாலும் பச்சமுத்துவின் முகத்தைப் பார்க்க மாட்டார்.

இதில் கூத்து என்னவென்றால், பச்சமுத்துவுக்கு ஏரிக்குக் கீழேயும் ஒரு காணி உண்டு. அதிலிருக்கும் கிணறு, ஏரி நிறைந்தால்தான் ஊறும். மேலே கால்வாயைத் தின்றவன் கீழே தன் கிணற்றையே தின்றுகொண்டிருந்தான். அது அவனுக்கு உறைக்கவில்லை. கிணற்றுக்குள் போர் போட்டான். பத்தவில்லை என்று இன்னும் ஆழமாகப் போட்டான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய கோடையில் ஒரே மோட்டாரை மூன்றாவது தடவையாக என் கடையில் கொண்டுவந்து இறக்கினான்.

"இன்னாடா காயில் கட்ற நீ? ஒரு மாசம் தாங்கல!"

தொழிலைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. "மோட்டார் மேல தப்பு இல்லடா. தண்ணியில்லாம ஓடுனா எரியாம இன்னா பண்ணும்? தண்ணி எங்க போச்சுன்னு உன் ஏரப் போய்க் கேளு!" என்று கத்திவிட்டேன்.

மோட்டாரை அங்கேயே போட்டுவிட்டுப் போனான். மூன்றாம் நாள் அவன் மனைவி ராஜாம்பாள் போன் செய்தாள். "அண்ணே, இவுருக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா? ஜேசிபிய வரச் சொல்லி நம்ம கொல்லையவே வெட்றாரு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். கால்வாயின் பழைய எல்லைக்குக் கயிறு பிடித்து, தானே முளை அடித்து, தன் பக்கத்தை முதலில் வெட்டிக்கொண்டிருந்தான். ஆனால் தென்னை வந்ததும் கையைக் காட்டினான். இயந்திரம் மரத்தைச் சுற்றிக்கொண்டு போனது. மரத்தடியில் ஒரு மண் திட்டு கால்வாய்க்குள் துருத்திக்கொண்டு நின்றது. பெண் பேரில் வைத்த மரம், குலை தள்ளி நிற்கிறது. நானும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வாரத்தில் எதிர்க்கரைக்காரர்களுக்கும் மானம் வந்துவிட்டது. மிச்சத் தூரத்தை நூறு நாள் வேலைப் பெண்கள் ஏரி வாய்வரை தூர் எடுத்துக் கொடுத்தார்கள். அந்தக் கார்த்திகையில் பதினேழு வருஷம் கழித்து ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. சனமெல்லாம் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பார்க்கப் போனது. அதற்குப் பிறகு எங்கள் ஊரிலிருந்து ஒரு மோட்டார்கூட எரிந்து வரவில்லை. கடையில் ஈ ஓட்டினேன். வயிறு எரியவில்லை என்றால் பொய். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பீமாராவ் வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

இந்தத் தையில் பாராட்டு விழா அழைப்பிதழை எடுத்துக்கொண்டு பச்சமுத்து என் கடைக்கு வந்தான். முகம் சரியில்லை.

"பாரேன், 'சொந்த நிலத்தைத் தானமாகத் தந்தவர்'னு போட்டிருக்காங்கடா."

"போடட்டும் வுடு. செஞ்சியில யாருக்குத் தெரியப் போவுது?"

"பீமாராவுக்குத் தெரியும்."

"அதுக்கு இன்னா பண்ணப் போற? கவிதா மாமியார் வூட்ல எல்லாரும் வர்றாங்கன்னு சொன்ன. அவங்க முன்னாடி மானத்த வாங்கிக்காதே."

"அதான்டா தூக்கமே வர்ல" என்று எழுந்து போனான்.

விழா நடந்த கல்யாண மண்டபத்தில் இரண்டாவது வரிசையில் சம்பந்தி வீட்டார். கடைசி வரிசையில், கை கழுவும் இடத்துக்குப் போகும் வாசலோரம் பீமாராவ். ஜெகதீஷ் மைக்கில் 'தானம்', 'வள்ளல்' என்று அடுக்கினார். பச்சமுத்து கேடயத்துக்குக் கை நீட்டாமல் மைக்கை வாங்கினான்.

"தானம் இல்லீங்க. கால்வாய நான்தான் வருஷா வருஷம் உழுது சேர்த்துக்கினேன். எடுத்தத எடுத்த எடத்துல வச்சிட்டேன். எல்லாத்தையும் வச்சிட்டேன். அதுக்குப் போய் மாலை போட்டா, திருடுனவன் திருப்பிக் குடுத்ததுக்கு சீர் வரிசை வச்ச மாதிரி இருக்குது."

சம்பந்தியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜெகதீஷ் முழித்தார். யாரோ ஒருத்தர் கைதட்ட, பிறகு எல்லோரும் தட்டினார்கள். பீமாராவ் மட்டும் தட்டவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விழா முடிந்து பஸ் ஸ்டாண்டு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தோம். பீமாராவ் நேராக எங்களிடம் வந்து நின்றார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"எல்லாத்தையும் வச்சிட்டேன்னு சொன்னியே. தென்னை?"

பச்சமுத்து டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"போன மழையில அந்தத் திட்டுலதான் குப்பை அடைச்சிக்கிச்சு. ரெண்டு நாள் எனக்குத் தண்ணி வர்ல" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். எங்கள் ஊர் வழியாகப் போகும் தொண்டூர் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

எனக்குத்தான் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னா மனுஷன்டா இவரு! அத்தன பேர் முன்னாடி மானத்த வுட்டு நின்னவன்கிட்ட..."

"அவரு சொன்னது சரிடா" என்றான் பச்சமுத்து. "மைக்குல 'எல்லாத்தையும்'னு சொல்லும்போதே எனுக்கு நாக்கு இடறிச்சு."

அன்று சாயங்காலம், மரத்தை வெட்டட்டுமா என்று மகளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறான். "என்னையே கட்டிக்குடுத்து அனுப்பிட்ட. மரத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போற, நைனா?" என்றாளாம் கவிதா. சொல்லிவிட்டு அவளும் அழுதாளாம்.

மறுநாள் காலையில் குலைகளை இறக்கிவிட்டு அவனே கோடாலி எடுத்தான். நானும் ஒரு கை கொடுத்தேன். மரம் சாய்ந்ததும் அதன் மேலேயே உட்கார்ந்து துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டான். பிறகு எழுந்து திட்டை வெட்டி, வேரைத் தோண்டி எடுத்தோம். தண்டை நாலு பேராக இழுத்து, அக்கரைக்கு நடந்து போகக் கால்வாயின் குறுக்கே போட்டோம்.

மத்தியானம் பீமாராவ் மண்வெட்டியோடு அந்தப் பக்கமாக வந்தார். வெட்டிய இடத்தை ஒரு தடவை பார்த்தார். தண்டின் மேல் ஏறினார். அது உருண்டது, பச்சமுத்து குனிந்து இந்த முனையை அமுக்கிப் பிடித்துக்கொண்டான். அக்கரையில் இறங்கித் திரும்பினார்.

"ரெண்டு பக்கமும் கல்லு வை, உருளுது" என்றார். இரண்டடி நடந்தவர் நின்றார். "நாளைக்கு எனக்கு நடவு. வரப்பு வெட்ட ஆள் வர்ல. நீ வர்றியா?"

வரப்பு வெட்ட! அதுவும் யாரைக் கூப்பிடுகிறார் பாருங்கள்.

போனான். விடிந்ததும் போய்ப் பீமாராவின் வரப்பில் மண்வெட்டியைப் போட்டான். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சும்மா விடுவார்களா? "பச்சமுத்து மாமா, பார்த்து வெட்டு! பக்கத்து வயலுக்கு ஒரு சால் தள்ளிடப் போற!" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள்.

பச்சமுத்து நிமிராமல் வெட்டிக்கொண்டே இருந்தான். காது மட்டும் சிவந்துபோயிருந்தது. நாற்று முடியைக் கையில் வைத்துக்கொண்டு சேற்றில் நின்றிருந்த பீமாராவ்தான் முதலில் சிரித்தார்.