கூப்பே என்றால் கூப்பிடு அல்ல

போன ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் பஸ் ஸ்டாப்பில் வைத்து என் மகள் என்னைத் திட்டினாள், பிள்ளைகளா. கரும்பு ஜூஸ் கடை பாய் பார்த்துக்கொண்டிருக்க, நல்ல சத்தமாக... எனக்கு அவ்வளவு பெருமை!

திட்டு வாங்கியதில் என்ன பெருமை? சொல்கிறேன்.

யாழினி ஒன்பதாவது படிக்கிறாள். அவளைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் அளந்துவிடாத வாரம் குறைவு. ஆண்டு விழா என்றால் அவள்தான் ஆண்டாள், அவள்தான் இளவரசி. என் கடைக்கு மிக்சி ரிப்பேருக்கு வருகிறவர்கள் அந்தப் போட்டோக்களைப் பார்க்காமல் நகர முடியாது.

இந்த வருஷம் பள்ளிக்கூடங்களுக்குக் குறும்படப் போட்டி. மிஸ் வகுப்புக்கு வந்து, "யாழினி, நீதான் ஹீரோயின்" என்றிருக்கிறார். இவள் எழுந்து, "நான் டைரக்ட் பண்றேன் மிஸ்" என்றிருக்கிறாள்.

"உனக்கு நடிப்புதானேம்மா வரும்?"

வகுப்பே சிரித்ததாம். இவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் மிஸ், "சரி, ஒரே ஒரு சீன் எடுத்துட்டு வா. திங்கட்கிழமை பார்க்கறேன். சரியா வரலைன்னா பேசாம நடிக்கணும்" என்று முடித்துவிட்டார்.

திடீரென்று இந்த ஆசை எங்கிருந்து வந்தது? பிரான்ஸிலிருந்து!

போன மாதம் திருச்சியில் ஒரு கல்லூரியில் பிரெஞ்சுப் படம் போட்டார்கள். இலவசம் என்பதால் யாழினியோடு நானும் போனேன். முடிந்ததும், அதை எடுத்த அம்மாவின் பேட்டியையும் திரையில் காட்டினார்கள். அவர் பேர் என் வாயில் நுழையவில்லை, மன்னியுங்கள். கீழே ஓடிய இங்கிலீஷை யாழினி என் காதில் தமிழாக்கிக்கொண்டே வந்தாள்.

அந்த அம்மா யாழினி வயதிலேயே நடிக்க வந்தவராம். ஊரெல்லாம் போஸ்டர். ஆனால் செட்டில் எல்லோரும் அவரிடம் சொன்னது என்ன? இங்கே நில், அங்கே பார், இப்போது அழு. ஏன் அழவேண்டும் என்று கேட்டால் பதில் வராது. ஷாட் முடிந்ததும் மற்ற நடிகர்கள் ஓய்வெடுக்கப் போவார்கள். இவர் கேமரா பக்கத்தில் போய் நிற்பார். எதற்கு இந்த லென்ஸ், எதற்கு இந்த லைட் என்று கேட்டுக் கேட்டே தொழிலைப் பிடித்துக்கொண்டார்.

நாற்பதைத் தாண்டிய பிறகு, "நானே படம் எடுக்கிறேன்" என்று கிளம்பினார். இவ்வளவு அழகான முகத்தை வைத்துக்கொண்டு எதற்கு இந்த வேலை என்றார்களாம். முதல் படம் ஓடவில்லை. விட்டாரா? அடுத்ததை எடுத்தார் — நாங்கள் பார்த்தது அதைத்தான். இப்போது தன்னிடம் நடிக்க வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது, "உனக்கு எப்படித் தோணுது?"

இதற்கு நடுவே யாழினி ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். நம் ஊர் ஷூட்டிங்கில் 'கட்' என்கிறார்களே, அதை பிரான்ஸில் 'கூப்பே' என்கிறார்கள்!

ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங். செல்போன்தான் கேமரா. போட்டியில் தோற்றுவிட்டு மகள் பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். அப்பா ஸ்டாப்பில் காத்திருக்கிறார். இதுதான் சீன். மகளாக யாழினியின் தோழி ஃபர்ஹானா. அப்பாவாக... வேறு யார், நான்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் வந்ததும், இறங்குகிற கூட்டத்தோடு கலந்து ஃபர்ஹானா பையோடு நடந்து வரவேண்டும்.

பஸ் வந்தது. நான் ஓடிப்போய், "என் கண்ணே!" என்று ஃபர்ஹானாவின் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"கூப்பே!"

ஜூஸ் கடை பாய் மெஷினை நிறுத்தினார். "யாரைம்மா கூப்பிடணும்?"

"யாரையும் வேணாம் பாய். கட் சொன்னேன்."

அடுத்த பஸ். இந்தத் தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

"கூப்பே!"

பாய் என்னைப் பார்த்துக் கைதட்டினார். "சார்! உங்களைத்தான். பாப்பா கூப்பிடுது பாருங்க!"

அதற்கடுத்த பஸ்ஸுக்கு நீளமாக ஒரு வசனம் பேசினேன். ஃபர்ஹானா சிரித்துவிட்டாள். அப்போதுதான் அந்தத் திட்டு.

"அப்பா! யாரு உங்கள நடிக்கச் சொன்னா? வெயில் இறங்குதுப்பா. இன்னும் ஒரு பஸ்ஸுக்குத்தான் வெளிச்சம் இருக்கு. நாளைக்கு மிஸ்கிட்ட எதைக் காட்டுவேன்?"

"நடிக்காம எப்படிம்மா நடிக்கறது?"

போனைத் தாழ்த்தினாள். குரலும் தாழ்ந்தது. "நான் நிஜமாவே தோத்துட்டு வந்தா என்னப்பா பண்ணுவீங்க? உங்களுக்கு எப்படித் தோணுது?"

யோசித்தேன். "பையை வாங்கிப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான்."

"அதைப் பண்ணுங்க."

பஸ் வந்தது. ஃபர்ஹானா தலை குனிந்தபடி வந்தாள். நான் கையை நீட்டினேன். பையைத் தந்தாள். தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். அவளும் கூடவே வந்தாள். நடக்கிறோம்... நடக்கிறோம்... 'கூப்பே'யைக் காணோம்! திரும்பிப் பார்க்கவும் கூடாதே?

ஒருவழியாகப் பின்னாலிருந்து ஒரு கட்டைக் குரல் கேட்டது.

"கூப்பே!"

பாய்! எங்கள் டைரக்டரோ, போனைப் பிடித்த கையை இறக்காமல் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மிஸ் சீனைப் பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு கேட்டது ஒன்றுதான் — "மீதிப் படத்தை எப்ப எடுக்கப்போறீங்க, டைரக்டர்?"

பிள்ளைகளா, "உனக்கு இதுதான் வரும்" என்பதைச் சில பேர் பாராட்டு மாதிரியே சொல்வார்கள். சொல்லி, உட்காரவும் வைத்துவிடுவார்கள். கொஞ்ச நேரம் நின்றுதான் பாருங்களேன்.

நேற்று ராத்திரி என் மனைவி சமையலறையிலிருந்து, "கூப்பே!" என்றாள்.

"அதுக்கு நிறுத்துன்னு அர்த்தம்" என்று விளக்கினேன்.

"தெரியும். அந்த சீனையே திருப்பித் திருப்பிப் பார்க்கறதை நிறுத்திட்டு, சாப்பிட வாங்க!"