ஹட் பேயில் மைனஸ் நாற்பது டிகிரி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில் நடந்தது இது. லிட்டில் அந்தமானில், ஹட் பே பஜாருக்குப் பின்னால் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இங்கே வண்டியின் கோளாறைக் காட்டும் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்குகள் குறைவு. அந்தத் திமிர் அப்போது எனக்கு நிறையவே இருந்தது.

ஓர் அக்கா பிக்கப் வண்டியோடு வந்தார். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கணவர் இறந்தபிறகு அவரே வண்டியோட்டி, உள்பக்கத் தோட்டங்களிலிருந்து பஜாருக்குக் காய்கறி கொண்டுவருவார். வீட்டில் அடுப்பு எரிவதே அந்த வண்டியால்தான். நான்கு நாள் முன்புதான் என்னிடம் சர்வீஸ் செய்து எடுத்துப்போயிருந்தார். இப்போது கரும்புகை கக்குகிறது, மேட்டில் ஏற மாட்டேன் என்கிறது.

ஸ்கேனரை மாட்டினேன். இன்ஜினுக்குள் போகும் காற்று மைனஸ் நாற்பது டிகிரி என்றது. எனக்கோ வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. காற்றின் சூட்டைச் சொல்லும் சென்சார் இப்படித் தப்பாகச் சொன்னால், கடுங்குளிர் என்று நம்பி இன்ஜின் டீசலை அள்ளி ஊற்றும். கரும்புகை அதனால்தான்.

“சென்சார் போச்சுக்கா” என்றேன்.

“ஏன் தம்பி, நீங்க ஏர் ஃபில்டர் சாஃப் பண்ணிக் குடுத்ததுல இருந்துதானே இப்படி?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கம்ப்யூட்டரை விட உங்களுக்கு அதிகம் தெரியுமா என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டேன். அவர் வண்டிச் சாவியை என் மேசையில் வைத்தார்.

சென்சார் போய்விட்டது என்று சொல்வதற்கு முன், அதன் வயர் கனெக்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. நான் செய்யவில்லை. சென்னைக்கு ஆர்டர் போட்டுவிட்டு, அதுவரை ஓட்டினால் இன்ஜின் காலியாகிவிடும் என்று பயமுறுத்தி, வண்டியை என்னிடமே நிறுத்திக்கொண்டு அவரை அனுப்பினேன்.

கடல் கொந்தளிப்பில் ஒரு கப்பல் ரத்தானது. அடுத்ததில் பார்சல் வரவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் அவர் வந்து வாசலில் நிற்பார். “ஜஹாஸ் வரணும்கா” என்பேன். கப்பல் வரவில்லை என்றால் எங்கள் தீவில் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. அரிசிக்கும் மருந்துக்கும் கேட்டுப் பழகிய பதில். நானும் அதன் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டேன். காய்கறி காத்திருக்குமா? தோட்டக்காரர்கள் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள்.

நான்காவது வாரம் பார்சல் வந்தது. பழைய சென்சாரைக் கழற்றக் கனெக்டரைத் தொட்டேன். அதன் பூட்டுக் கிளிப்பை அழுத்துவதற்கு முன்பே கையோடு வந்துவிட்டது. ஃபில்டரைச் சுத்தம் செய்தபோது நான்தான் அதைச் சரியாக மாட்டவில்லை. அழுத்தி மாட்டிவிட்டு ஸ்கேனரைப் பார்த்தேன். முப்பத்துநான்கு டிகிரி.

“கிடைச்சுதா தம்பி?” என்று வெளியிலிருந்து குரல்.

அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்ல சென்சாரைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவர் கண் முன்னாலேயே புதியதை மாட்டினேன். “நான் சொன்னேன்ல, சென்சார்தான்” என்று வேறு சொன்னேன். சொன்ன வாயைத் தைக்க வேண்டும்.

“நான்தான் தம்பி தெரியாம ஏதோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க” என்றார்.

போன சவாரி அவருக்குத் திரும்பவில்லை. ஆறு மாதத்தில் வண்டியை விற்றார். இப்போது ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். இன்றும் யாருக்காவது வண்டி மக்கர் செய்தால், அந்தத் தம்பிகிட்ட போங்க, கரெக்டா கண்டுபிடிப்பார் என்று அவர்தான் என்னிடம் அனுப்பிவைக்கிறார். அவர் பேரைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் முகத்தைக்கூட என்னால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.

கேன்டீன் இங்கிருந்து பத்து நிமிட நடை. அங்கே போய்ச் சொல்லத் துணிவில்லாமல், அவர் படிக்கமாட்டார் என்று தெரிந்துதான் இதை இங்கே எழுதுகிறேன்.