கரையான் சிப்பாயும் சூசையின் சுத்தியலும்

கரையானுக்கு மருந்து அடிக்க வருகிறவனை எந்த வீட்டிலும் முன்வாசல் வழியாகக் கூப்பிடுவதில்லை. முதுகில் டின்னோடு பின்வாசலில் காத்து நின்ற சகாக்களே, எழுபதுகளில் தூத்துக்குடியில் நான் பட்டதையும் கேளுங்கள்.

இரண்டு வாசல்

நானும் சூசையும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மூன்றாம் வருஷம் முதலாளி அவனை மட்டும் சூப்பர்வைசராக்கி, மரத்தைத் தட்டிப் பார்க்கும் சுத்தியலைக் கொடுத்தார். மருந்து டின் என் முதுகிலேயே இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்? கடற்கரைப் பக்கம் பர்னாந்து என்றொரு பணக்காரர் வீட்டில் அவனுக்கு நாற்காலி போட்டார்கள். வீட்டுக்கார அம்மா சொன்னார்: "சூப்பர்வைசர் உக்காரட்டும். டின்னு அங்கன சுத்திப் பின்பக்கமா வரட்டும்."

பெரிய தாடை

பக்கத்தில் நாசரேத் ஊரில் சயின்ஸ் டீச்சர் ஒருவரின் புத்தக அலமாரி. சூசை தட்டியதும் மண் உதிர்ந்து, தலை பெருத்த கரையான்கள் தாடையை விரித்துக்கொண்டு வந்தன. அவை சிப்பாய்கள் என்றார் டீச்சர். பிறக்கும்போதே சிப்பாய் இல்லையாம். வேலைக்காரக் கரையானில் ஒன்றுதான் இரண்டு தடவை தோலுரித்து அப்படி ஆகிறதாம். தாடை பெருத்தபின் தானாகத் தின்ன வராது, மற்றவைதான் ஊட்டவேண்டுமாம். அன்று மத்தியானமும் சூசை என் தூக்குவாளியைத் திறந்தான். "ஒங்க வீட்டுப் புளிக்கொழம்பு இல்லாம எனக்கு எறங்க மாட்டேங்குல."

மெழுகுதிரி

மறுநாள் டீச்சரிடம் நைசாகக் கேட்டேன்: "அப்பம் மத்ததெல்லாம் ஏன் டீச்சர் சிப்பாயாகல?" இருக்கிற சிப்பாயின் வாடையே மற்றவற்றைத் தடுத்துவிடும், சிப்பாய் குறைந்தால்தான் இன்னொன்று மாறும் என்றார். எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சூசை போகாமல் எனக்குச் சுத்தியல் வராது. நேரே மாதா கோயிலுக்குப் போய், அவனுக்குக் கப்பல் வேலை கிடைக்கவேண்டும் என்று மெழுகுதிரி ஏற்றினேன். திரும்பினால் பின்னால் அவனே நிற்கிறான். வேண்டுதல் காதில் விழுந்திருக்கிறது. அவன் கண் கலங்கிவிட்டது. "எனக்காகவால மெழுகுதிரி கொளுத்துத? ஒன்னய மாதிரி கூட்டாளி யாருக்குல இருக்கான்."

தோலுரிப்பு

மாதா கேட்டுவிட்டாள். கப்பலேறும் முன் சூசை முதலாளியிடம் எனக்காகப் பேசி, சுத்தியலைத் துடைத்து என் கையில் வைத்தான். அவன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

கூச்சம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. அதே பர்னாந்து வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தேன். டின் தூக்க வந்த மிக்கேல் பின்பக்கமாகச் சுற்றி வந்தான். சாப்பாட்டு வேளையில் என்னையறியாமல் அவன் தூக்குவாளியைத் திறந்திருக்கிறேன். மீன்குழம்பு அருமை. மிக்கேல் பணிவாகச் சொன்னான்: "அண்ணாச்சி, ஒங்களுக்கும் கப்பல்ல வேல கெடைக்கணும்னு நேத்து மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துனேன்."

அன்றிலிருந்து என் வாடை எனக்கே அடிக்க ஆரம்பித்தது.