விளக்கு வைத்த பிறகு வந்த வண்டி

லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் கண்ணாடி போட்ட இரண்டு பத்திரங்கள் தொங்கின. ஒன்று, நான் ஒழுங்காகப் படித்துத் தேறிய அக்குபங்சர் வைத்தியன் என்று எங்கள் வைத்தியர் சங்கம் கொடுத்தது. மற்றது, இந்த அறையில் ஊசி வைத்தியம் செய்யலாம் என்று கவுன்சில் கொடுத்த லைசென்ஸ். சனிக்கிழமைகளில் அந்தக் கண்ணாடிகளை நான்தான் துடைப்பேன். மனைவி துடைத்தால் மூலையில் தூசி நிற்கும் என்பது என் எண்ணம். "சாமிப்படத்தை விட இதைத்தான் கூடத் துடைக்கிறியள்" என்று அவள் சிரிப்பாள்.

துடைக்காமல் என்ன செய்வது? கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் இந்த வேலையைப் பழகிவிட்டு எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தேன். வந்தவனைப் பெற்றோல் ஸ்டேஷன் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்து புத்தகத்தை விரித்து, இங்கிலிஷில் முதலிலிருந்து படித்து, சங்கத்தின் சோதனையை எழுதித் தேறி, தொண்ணூறுகளில்தான் முன்னறையில் கட்டில் போட்டேன். தோள் பிடித்துக்கொண்டு வந்த எங்கள் சனம் ஒருவருக்கொருவர் சொல்லி, பிறகு தெருவிலிருந்த வெள்ளைக்காரரும் வரத் தொடங்கினார்கள். நல்ல கைராசி என்று பெயர் எடுத்துவிட்டேன்.

அதை நம்பாத ஒரே ஆள் என் மனைவி. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். தலையிடி வந்தால் கட்டில் பக்கம் எட்டியும் பார்க்க மாட்டாள். "ஒரு பனடோல் போட்டாச் சரி" என்று குசினிக்குள் போய்விடுவாள். ஊரெல்லாம் என்னிடம் வருகிறது, கட்டியவள் பனடோலிடம் போகிறாள். வெளியே சொல்லாவிட்டாலும் இது என்னை வருடக்கணக்காக உறுத்தியது.

மற்றபடி எல்லாவற்றையும் அவள்தான் பார்த்தாள். நேரம் குறிப்பது, துவாய் தோய்ப்பது, பாவித்த ஊசிகளை அனுப்புவது. ஒரு தடவை குத்திய ஊசியை மறுபடி தொடக்கூடாது. அதை மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட வேண்டும். பெட்டி நிறைந்து மூடியை அழுத்திவிட்டால் பிறகு திறக்க ஏலாது. நான் லேபிளில் திகதி போட்டுக் கையெழுத்து வைத்து வாசலடியில் வைப்பேன். ஊசி எரிக்கும் கொம்பனியின் வண்டி பின்னேரம் வந்து எடுத்துக்கொண்டு ஒரு ரசீதுத் துண்டு கொடுத்துவிட்டுப் போகும். அடுத்த நாள் பெட்டி வாசலில் இராது. போய்விட்டது என்று நானும் என் பாட்டில் இருந்தேன்.

ஒரு வசந்தகாலத்தில் லைசென்ஸ் புதுப்பிக்க வந்த கவுன்சில் பரிசோதகர், அந்தத் துண்டுகள் வைத்த கோப்பைக் கேட்டார். மரியாதையான மனுஷன், சப்பாத்தைக்கூடக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். கோப்பைப் புரட்டியவரின் முகம் மாறியது. கோடைகாலத் துண்டுகள் எல்லாம் இருந்தன. பனிக்காலம் முழுவதற்கும் ஒன்றுகூட இல்லை. கொம்பனிக்குப் போன் செய்து பார்த்தார். பனிக்காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு பெட்டியும் எடுக்கவில்லை என்றார்கள்.

"அப்படியானால் பாவித்த ஊசிகள் எங்கே?" என்று கேட்டார். வாசலில் வைத்தேன் என்பதற்கு மேல் எனக்கொன்றும் தெரியாது. ஊசி வெளியே போகவில்லையென்றால், ஒருவருக்குக் குத்தியதையே அடுத்தவருக்கும் குத்துகிறேன் என்றுதான் அவர் நினைப்பார். எயிட்ஸ் என்ற சொல்லுக்கே ஆட்கள் நடுங்கிய காலம் அது. புது ஊசி வாங்கிய பில்லைக் காட்டலாமென்றால் அதுவும் இல்லை. சைனா டவுனில் ஒரு கிழவரிடம் காசைக் கொடுத்துப் பெட்டியை வாங்கி வருவதோடு சரி, பில் கேட்டால் அவர் கோபித்துக்கொள்வார்.

விஷயம் சங்கத்துக்குப் போகும், விசாரணை முடியும்வரை முன்னறையைப் பூட்டுங்கள் என்றார் பரிசோதகர். குற்றம் உறுதியானால் சங்கம் பதிவிலிருந்து என் பெயரை வெட்டும், அதோடு லைசென்ஸும் போகும். பிறகு பெற்றோல் ஸ்டேஷன் கூண்டுதான்.

பரிசோதகரை அனுப்பிவிட்டுக் குசினிக்குள் போனேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பெட்டியள் எங்க?"

"கராஜில."

"ஏன் கராஜில? வண்டிக்காரனிட்டக் குடுக்கேல்லையோ?"

கத்தியை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "விளக்கு வைச்சாப் பிறகு வீட்டிலயிருந்து ஆராவது ஊசி குடுப்பினமோ?"

ஊரில் எங்கள் வீட்டிலும் கொடுக்க மாட்டார்கள். பொழுதுபட்ட பிறகு அயல்வீட்டில் ஊசி கேட்டால் இருந்தாலும் இல்லையென்றுதான் சொல்வார்கள். ஆனால் ஊரில் ஆண்டு முழுக்க ஆறு, ஆறரைக்கு ஒழுங்காகப் பொழுது படும். லண்டன் சூரியனுக்கு அந்த ஒழுக்கம் கிடையாது. கோடையில் இரவுச் சாப்பாடு முடிந்தும் போகாமல் நிற்கும், பனிக்காலத்தில் நாலு மணிக்கே கடையைப் பூட்டிவிடும். வண்டிக்காரர் எங்கள் தெருவுக்கு வருவது நாலரைக்குப் பிறகு. கோடையில் பெட்டியைக் கொடுத்திருக்கிறாள். பனிக்காலத்தில் சாமித்தட்டில் விளக்கேற்றிவிட்டு, வந்தவரைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"காலமை வெளிச்சத்தில வாங்கோ எண்டு சொன்னனான். தன்ர ரூட் அப்பிடித்தான், மாத்தேலாதாம்."

"நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்டனீங்களோ?"

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். ஊரில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள் இவள்! படித்த படிப்பெல்லாம் எங்கே போனது என்று கத்தினேன். அவள் திரும்பவும் வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். கராஜைத் திறந்து பார்த்தேன். பழைய கட்டில் விரிப்புக்குக் கீழே மஞ்சள் பெட்டிகள் அழகாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து இருந்தது.

பெட்டிகள் கராஜில் இருப்பதைச் சங்கத்துக்கு அறிவித்தேன். ஓர் அதிகாரி வந்து பெட்டிகளைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். சங்கத்தின் விசாரணைக்கு நானும் அவளும் ரயிலில் போனோம். ஏன் வைத்திருந்தாய் என்று கேட்டால் "நிர்வாக ஒழுங்கில் ஒரு குழப்பம்" என்று இங்கிலிஷில் சொல்லப் பாடமாக்கி வைத்திருந்தேன். விளக்கு, ஊசி என்று தொடங்கினால் காட்டுமிராண்டி என்றல்லவா நினைப்பார்கள்?

"பொய் சொல்லப் போறியளோ?" என்றாள்.

"பொய்யில்லை. சுருக்கம். நீர் வாய் திறக்க வேண்டாம்."

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். தலைவர் தாடி வைத்த மூத்த வைத்தியர், பக்கத்தில் ஒரு பெண் டொக்டர், மற்றவர் இளைப்பாறிய பள்ளி அதிபர். பாடமாக்கியதை ஒப்புவித்தேன். தலைவர் தாடியைத் தடவினார். லேபிள்களில் இருப்பது என் கையெழுத்து மட்டும்தானே, பரிசோதகர் வந்த பிறகு ஒரே இருப்பில் எழுதியிருக்கலாம் அல்லவா என்று கேட்டார். குழப்பம் என்றால் என்ன குழப்பம் என்றும் கேட்டார். நான் மறைக்கிறேன் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

அப்போது பின்னாலிருந்து அவள் எழுந்தாள். தன் கடைத்தெரு இங்கிலிஷில், விளக்கு வைத்த பிறகு ஊசி வீட்டைவிட்டுப் போகக்கூடாது என்று ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

பெண் டொக்டர் கொம்பனியின் பதிவுகளை இழுத்து, பெட்டி தர மறுத்ததாக வண்டிக்காரர் குறித்த திகதிகளைப் பார்த்தார். பிறகு தலைவரிடம் காட்டினார். மறுப்புகள் தொடங்கியது, மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னே வைத்து ஐந்துக்கு முன்பே பொழுது படத் தொடங்கும் கிழமையில். நின்றது, பொழுது மறுபடி ஐந்தைத் தாண்டிப் படத் தொடங்கும் பெப்ரவரிக் கிழமையில். "இருட்டை யாரும் பிறகு எழுதிச் சேர்க்க முடியாது" என்றார்.

அதிபர்தான் கடைசியாகக் கேட்டார். "இதை நீங்கள் உண்மையாகவே நம்புகிறீர்களா, மேடம்?"

"தெரியாது. ஆனால் இவருடைய கையில் ஒரு ராசி இருக்கிறது. எத்தனையோ பேர் நடக்க முடியாமல் வந்து நடந்து போவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது இவருடைய ஊசியில்தான் இருக்கிறது. அதை இருட்டில் வெளியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை."

நான் குனிந்து சப்பாத்தைப் பார்த்தேன். கண் கலங்கியதை அந்த மூன்று பேருக்கும் காட்ட விருப்பமில்லை.

தேநீர் குடிக்க அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார்கள். ஊசியைத் திருப்பிப் பாவித்ததாகச் சொன்ன குற்றம் தள்ளுபடி. பெட்டிகளைக் கராஜில் சேர்த்து வைத்ததற்கு எச்சரிக்கை. பெயர் பதிவில் இருக்கும். ஆனால் இனிமேல் காலையில் வரும் ஒரு கொம்பனியிடம்தான் ஊசிகளைக் கொடுக்க வேண்டும். எந்த நாள் வசதி என்று தலைவர் என்னைக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்" என்றாள் அவள். தாடிக்குள் தலைவர் சிரித்ததை நான் கண்டேன்.

லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றோம். அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"தலையிடிக்குது. பனடோல் இருக்கோ?"

"இவ்வளவு ராசியான கையைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு பனடோலோ?" என்று கேட்டேன். "இவ்வளவு வருஷமும் நீர் என்னை நம்பேல்லை எண்டெல்லோ நினைச்சனான்."

"நம்பாமலோ?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு ஊசி எண்டாப் பயமப்பா. அந்தப் பெட்டியளைக் கராஜுக்குத் தூக்கிக்கொண்டு போகேக்க எனக்குக் கையெல்லாம் நடுங்கும்."

ரயில் வந்து நின்றது. அது போகட்டும் என்று விட்டுவிட்டு, ஸ்டேஷன் கடைக்குப் பனடோல் வாங்க ஓடினேன்.