மூன்று ஹெட்போனும் ஒரு சம்மதமும்

"மச்சான், இதுவும் சரியில்ல. வேற எதனா சொல்லு."

சிதம்பரத்திலிருந்து அன்வர் போன் செய்தபோது நான் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். சுற்றிலும் ஹாரன். "சாயங்காலம் பேசுறேன்டா" என்று நான் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை. ஹாரன்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்வர் என் கல்லூரித் தோழன். படித்து முடித்த கையோடு வளைகுடாவுக்குப் போய், அங்கே ஒரு கம்பெனியின் ஜெனரேட்டர் ரூமில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு வந்தவன். இப்போது சிதம்பரத்தில் பேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கிறான். மனைவி ஜுலைகா, ஒரே மகள் சபீனா. சபீனாவுக்கு மங்கலம்பேட்டையில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயமும் ஆகிவிட்டது. கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. இவன் என்னடாவென்றால் ஹெட்போன், ஹெட்போன் என்று என் உயிரை வாங்குகிறான்!

என்னிடம் ஏன் கேட்கிறான் என்று இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்கள் கேட்க மாட்டீர்கள். எனக்கு அந்தப் பைத்தியம் உண்டு. தெரியாத்தனமாக ஒருமுறை இங்கே அதைப் பற்றி எழுதியும் தொலைத்துவிட்டேன். அன்றிலிருந்து கல்யாண வீடு, கருமாதி வீடு எங்கே போனாலும் யாராவது ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்கிறார்கள் — "சார், எந்த ஹெட்போன் வாங்கலாம்?"

நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். எதற்கு, எங்கே, எவ்வளவு நேரம்... இதைத்தான் முதலில் கேட்பேன்.

சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு மாணவி எழுதியிருந்தார். ஆன்லைன் வகுப்புக்காம், கையில் காசு குறைவாம். பாட்டு எப்படிக் கேட்டால் என்னம்மா, உன் குரல் அந்தப் பக்கம் தெளிவாகப் போக வேண்டும், மணிக்கணக்கில் மாட்டினாலும் காது வலிக்கக் கூடாது. வயர் வைத்த சாதாரண ஹெட்செட் போதும், சார்ஜ் போடுகிற தொல்லையும் இல்லை என்று பதில் போட்டேன். தினமும் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் வேலைக்கு வரும் ஒரு பெண்மணிக்கு, வெளிச்சத்தத்தை அமுக்கும் நாய்ஸ் கேன்சலிங் சொன்னேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மறக்காமல் கழற்றிவிடச் சொன்னேன். பின்னால் வரும் லாரியையும் அது அமுக்கிவிடும் அல்லவா?

ரிட்டயர்டு அண்ணன் ஒருவர் மதியம் சாய்வு நாற்காலியில் கச்சேரி கேட்பவர். அவருக்கு ஓப்பன் பேக். பின்பக்கம் மூடாத வகை. பாட்டு காதுக்குள் அடைபடாமல் காற்றோட்டமாக இருக்கும். ஒரே சிக்கல், பக்கத்தில் இருக்கிறவருக்கும் கச்சேரி கேட்கும். அதற்கு வீட்டம்மாவின் அனுமதி வேண்டும்.

ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில்தான் நம் ஆட்கள் நிறைய ஏமாறுகிறார்கள். பெட்டியைச் சேர்த்துவிட்டால் எல்லாம் அருமையாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. போனில் செருகினாலே தாராளமாகச் சத்தம் வருகிற ஹெட்போனுக்கு ஆம்ப் எதற்கு? போனின் சக்தியால் தள்ள முடியாத, ஓம்ஸ் என்கிற மின்தடை அதிகமான ஹெட்போனுக்குத்தான் அது தேவை. பட்ஜெட் குறைவென்றால் முதலில் நல்ல ஹெட்போன். மிச்சம் இருந்தால் ஆம்ப்.

சரி, அன்வருக்கு வருகிறேன். எதுக்குடா என்று அவனையும் கேட்டேன். "சும்மா, பாட்டு கேக்கத்தான்" என்றான். நம்பினேன்.

முதலில் ஒன்று சொன்னேன். வாங்கினான். "மழுங்கலா இருக்கு மச்சான். பாடுறவன் வாயில துணிய வச்சிக்கிட்டுப் பாடுற மாதிரி" என்றான். கொஞ்சம் கூர்மையாக ஒலிக்கும் வேறொன்றைச் சொன்னேன். அதுவும் பத்தாமல் கூடவே ஒரு ஆம்பும் வாங்கினான், நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல. "சத்தம் ஜாஸ்தியாச்சு. ஆனா வார்த்த புரியல" என்றான். மூன்றாவதாக அவனே ஒரு விசித்திரமான கேள்வி கேட்டான். "வெளிச்சத்தத்த உள்ள விடுற மாதிரி குட்டியா ஒண்ணு இருக்காமே?" இருக்கிறது. காதில் மாட்டும் வயர்லெஸ் பட்ஸ் சிலவற்றில் அந்த வசதி உண்டு. வெளியே பேசுவதை மைக் பிடித்துக் காதுக்குள் கொஞ்சம் பெரிதாக்கி விடும். பாட்டுக் கேட்கிறவனுக்கு அது எதற்கு என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மாடல் பெயரைச் சொல்லிவிட்டுப் பெருமையோடு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அதுவும் சரியில்லை என்றுதான் அந்த போன். வேறு வழியில்லாமல் ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே கிளம்பிவிட்டேன்.

அன்வர் ஹாலில் உட்கார்ந்து, அந்த இரண்டாவது ஹெட்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் போய் நின்று அவன் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினான். "கேட்டுப் பாரு" என்று கழற்றி என் தலையில் மாட்டினான். ஐயோ! காதுக்குள் பட்டாசு வெடித்த மாதிரி இருந்தது. பிடுங்கி எடுத்துவிட்டேன்.

"டேய், இவ்வளவு சத்தத்துலயா கேட்டுக்கிட்டு இருந்த?"

"ஏன், கம்மியா இருக்கா?"

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை.

டீ கொண்டுவந்த ஜுலைகா கொட்டித் தீர்த்துவிட்டார். "அண்ணே, பெல் அடிச்சா எந்திரிக்க மாட்டாரு. டிவி போட்டா தெருமுன வரைக்கும் கேக்குது. ஏங்க, காதக் காட்டுங்கன்னு சொன்னா என்கிட்ட சண்டைக்கு வராரு. நீங்களாச்சும் சொல்லுங்க."

"நீ போயி பலகாரம் எதனா எடுத்தா" என்று அன்வர் அவரை உள்ளே அனுப்பினான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"உன்கிட்ட என்னடா மறைக்கிறது. எனக்குத் தெரியும். ஜெனரேட்டர் ரூமுலயே போச்சு அது."

"அப்ப டாக்டர்கிட்ட போவ வேண்டியதுதானே?"

"போனா காதுக்குப் பின்னாடி ஒரு மிஷின மாட்டி வுட்ருவாரு. சம்பந்தி வூட்டுக்காரங்க முன்னாடி செவுட்டு மாமனாரா போயி நிக்கச் சொல்றியா?"

"அதுக்கும் ஹெட்போனுக்கும் என்னடா சம்பந்தம்?"

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான்.

அவர்கள் வழக்கத்தில் நிக்காஹ் கல்யாண ஹாலில் நடக்கும். மாப்பிள்ளை, நிக்காஹ் ஓதிவைக்கும் ஹஜ்ரத், ஜமாஅத் பெரியவர்கள் எல்லாம் அங்கே மைக் முன்னால். பெண் உள்ளே தனி அறையில், பெண்களோடு. நிக்காஹ் தொடங்கும் முன் பெண்ணின் அத்தா, அதாவது அப்பா, இரண்டு சாட்சிகளை அழைத்துக்கொண்டு உள்ளே போய், மகளிடம் சம்மதம் கேட்க வேண்டும். அங்கே மைக் கிடையாது. அத்தனை பேர் சூழ்ந்திருக்க, தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பெண் சொல்லும் ஒற்றைச் சொல்தான். எந்தப் பெண் அதைச் சத்தமாகச் சொல்லும்?

"அவ சொல்றது எனக்குக் கேக்கணும் மச்சான். சாட்சிங்களுக்குக் கேட்டா போதும்தான், அவுங்க சொல்லிடுவாங்க. ஆனா எனக்குக் கேக்கணும்."

அவன் குரல் உடைந்துவிட்டது. எத்தனை மாடல், எத்தனை ஓம்ஸ் என்று அளந்துகொண்டிருந்தேனே, இவனுக்கு வேண்டியது ஒரே ஒரு சொல்!

"அதுக்குத்தான் அந்தப் பட்ஸா?"

"இந்தக் காலத்துல எல்லாப் பயலும் மாட்டிக்கிட்டுத்தானே திரியுறான். ஸ்டைலுன்னு நெனச்சிப்பாங்க, மிஷினுன்னு தெரியாது."

"அத்தா."

சபீனா. சமையலறை வாசலில் நின்றிருந்தாள். ரகசியம் என்று நினைத்து அன்வர் பேசியதெல்லாம் வீடு முழுக்கக் கேட்டிருக்கிறது. காது கேட்காதவர்களின் ரகசியம் அப்படித்தான்.

"காதுல பட்ஸ் மாட்டிக்கிட்டு என்கிட்ட சம்மதம் கேக்க வருவீங்களா? மவ நிக்காஹ்லகூட பாட்டுக் கேக்குறாருன்னு சொல்ல மாட்டாங்க?"

அன்வர் விழித்தான். இத்தனை திட்டம் போட்டவன் இதை யோசிக்கவே இல்லை! உள்ளேயிருந்து ஜுலைகா, "கிரிக்கெட் ஸ்கோர் கேக்குறாருன்னு சொல்லுவாங்க" என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு.

"அப்ப அவகிட்ட ஒரு மைக்கக் குடுத்துட்டா? என்கிட்டதான் ஆம்ப் இருக்கே..."

"யா அல்லாஹ்! ஸ்பீக்கர் செட்டுக்காரனையும் உள்ள கூட்டியாந்துடுங்க!" என்றார் ஜுலைகா.

சபீனா சிரிக்கவில்லை. அத்தாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்.

"அத்தா, நான் மெதுவாத்தான் சொல்லுவேன். சத்தமா சொல்ல எனக்கு வராது. கேக்குற மாதிரி நீங்க வாங்க."

அந்த வாரமே கடலூரில் ஒரு காது டாக்டரிடம் அவனைக் கூட்டிப் போனேன். பரிசோதனை எதை வைத்து என்கிறீர்கள்? ஹெட்போன்தான்! சத்தம் புகாத கண்ணாடி அறையில் அதை மாட்டி, பீப் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியே நின்று பார்த்தேன். டெக்னீஷியன் பெண் ஒலியை ஏற்றிக்கொண்டே போகிறார். அன்வர் கண்ணை இடுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எதையும் தவறவிடக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறான். கட்டைவிரல் மட்டும் அசையவில்லை. பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். கனத்த ஒலிகளெல்லாம் அவனுக்குக் கேட்கின்றனவாம். மெல்லிய, கூர்மையான ஒலிகள்தான் போய்விட்டன. வார்த்தையைப் புரியவைப்பது அவைதான். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கூட்டினால் கேட்பது இன்னும் சத்தமாகக் கேட்கும், கேட்காதது கேட்காமலேதான் இருக்கும். போனதை மட்டும் தூக்கிக் கொடுக்க வேண்டும். அதைத்தான் காதுக்குப் பின்னால் மாட்டும் இந்தக் கருவி செய்யும் என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு குட்டி ஆம்ப்தான். ஆனால் அன்வரின் காதுக்கென்றே அளவெடுத்தது.

அதை மாட்டிக்கொண்ட முதல் வாரம் திட்டித் தீர்த்தான். ஃபேன் இரையுதாம், தட்டு கணகணங்குதாம், கடையில் பிளாஸ்டிக் பை காதைக் கிழிக்குதாம். "ஜுலைகா இவ்வளவு பேசுவாளாடா?" என்று ஒருநாள் கவலையோடு கேட்டான். பழகிக்கோ என்றேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு போனால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காதில் ஒன்றை மாட்டினால் மட்டும் ஏன் இந்த வெட்கம்? பாட்டுக் கேட்க மாட்டினால் பெருமை, மனுஷன் பேசுவதைக் கேட்க மாட்டினால் அவமானமா? எனக்கு விளங்கவில்லை. இனி யார் ஹெட்போன் கேட்டாலும், யார் குரல் உங்களுக்குக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்கப் போகிறேன்.

நிக்காஹ் போன வாரம் சிதம்பரத்தில் நடந்தது. சம்பந்தி வீட்டார் வாசலிலேயே அவன் காதைப் பார்த்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அத்தா செய்த காரியம், அவனை ஓரமாக அழைத்துப் போய் எந்த டாக்டர் என்று விசாரித்ததுதான். அவருக்கும் தேவைப்படுகிறதாம்!

நேரம் வந்ததும் அன்வர் தன் தம்பியையும் ஜுலைகாவின் அண்ணனையும் சாட்சிகளாக அழைத்துக்கொண்டு பெண்ணின் அறைக்குப் போனான். நான் வெளியே, திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன்.

மாப்பிள்ளையின் பெயரையும் அவர் பெண்ணுக்குத் தரும் மஹரையும் சொல்லி, "உன்ன நிக்காஹ் செஞ்சு குடுக்க சம்மதமாம்மா?" என்று அன்வர் கேட்டது தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. ஃபேன் சத்தம், வளையல் சத்தம்... அவ்வளவுதான்.

"கேக்கலியேம்மா. கொஞ்சம் சத்தமா சொல்லு" என்றார் ஜுலைகாவின் அண்ணன். "ஆமா, எனக்கும் கேக்கல" என்றார் அன்வரின் தம்பி.

"எனக்குக் கேட்டுச்சு" என்றான் அன்வர். அழுகிறான் என்று குரலிலேயே தெரிந்தது.

சாட்சிகளுக்கும் கேட்க வேண்டுமல்லவா? சபீனா இன்னொரு தடவை சொன்னாள். இந்தத் தடவை திரைக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது.

முதல் தடவை சொன்னது அத்தாவுக்கு மட்டும்.